அம்மா அளந்த துவக்குகள்

எங்கள் அம்மா நாவலப்பிட்டிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அப்பாவைக் கைப்பிடித்துக் கண்டிக்கு வந்தார். அப்பா துவக்கு, அதாவது துப்பாக்கி, திருத்தும் கடை வைத்திருந்தார். அவர் திடீரென்று மாரடைப்பில் காலமானதும் உறவினர் எல்லோரும் கடையை விற்றுவிடச் சொன்னார்கள். அம்மா மறுத்து, லைசன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற அலைந்து, கடையைத் திறந்தே விட்டார். பிடிவாதத்தில் அவரை வெல்ல ஆளில்லை.

துவக்குக் குழாயின் வாய் உட்புறமாகச் சற்று ஒடுங்கியிருக்கும். அதைத்தான் சோக் என்பார்கள். ஒடுக்கம் கூடினால், தோட்டாவிலிருந்து பாயும் ஈயச் சன்னங்கள் தூரம்வரை சேர்ந்து போகும். குறைந்தால் சீக்கிரமே சிதறிவிடும். எந்தச் சோக் என்று குழாயின் அடியில் முத்திரை இருக்கும். சிலர் குழாயின் வாயில் ஒரு நாணயத்தை வைத்துப் பார்த்து, அது உள்ளே போகாவிட்டால் "புல் சோக்", முழு ஒடுக்கம், என்று அடித்துச் சொல்வார்கள்.

ஹுன்னஸ்கிரியவில் மரக்கறித் தோட்டம் செய்பவர் ஒருவரின் துவக்கை, முத்திரையை மட்டும் பார்த்துப் புல் சோக் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார் அம்மா. பன்றியை நோக்கிச் சுட்ட வெடி சிதறி, அவருடைய பசுவின் காலில் பட்டது. மறுநாளே கடை வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"பொம்பள கையில துவக்கக் குடுத்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்!"

"பொம்பளைங்கிறதால இல்லண்ணே. முத்திரையப் பாத்தேன், வாய அளக்கல. அது என் தப்பு. துவக்க இப்பிடிக் குடுங்க."

தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு குழாயின் உட்புறத்தையும் வாயையும் அளந்தார். இரண்டும் ஒரே அளவு. யாரோ முன்பு முனையை வெட்டியிருக்கிறார்கள். சோக் அதோடு போய்விட்டது, முத்திரை மட்டும் மிச்சம். அன்றே மாட்டு டாக்டரோடு ஹுன்னஸ்கிரியவுக்குப் போனார். பசு பிழைத்தது. தோட்டத்தில் பெரிய தாள் கட்டிச் சுடவைத்து, சன்னம் சிதறும் அகலத்தை அவருக்கே காட்டினார்.

அதன்பின் அளக்காமல் எந்தத் துவக்கும் எங்கள் கடையை விட்டுப் போகவில்லை. அவசரப்பட்டவர்களை, "அவசரம்னா வேற கடைக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார். சிலர் போனார்கள். அம்மா அசையவில்லை. நோயில் விழும்வரை அப்படித்தான் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் அம்மாவைத் தம் தாயாகப் பார்த்த தாதியருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், சமைத்து வந்து எங்களைச் சாப்பிட வைத்த அயலவருக்கும் எங்கள் நன்றி.

இன்னொருவரும் இருக்கிறார். கருமாதி முடிந்து நான் கடையைத் திறந்த அன்று, கெலிஓயாவிலிருந்து ஒருவர் துவக்கோடு வந்தார். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆம்பளைங்க யாரும் இல்லையா?"

"இல்லங்க. நான்தான் பாக்கிறேன். குடுங்க, அளக்கணும்."

கொஞ்சம் தயங்கினார். பிறகு கொடுத்தார். அவருக்கும் நன்றி.