மிதித்தெடுத்த சுருதி

தொப்பையைக் கரைக்க வைத்தியர் வாங்கச் சொன்ன உடற்பயிற்சிச் சைக்கிளை மிதித்தேன். சில்லு 'ஙொய்' என்று இரைந்தது. அந்த இரைச்சல் என்னைச் சிறுவயதின் போர்க்கால ஸ்கந்தபுரத்தில் கொண்டுபோய் இறக்கியது.

நவராத்திரி வாணிவிழாவுக்காகப் பதினைந்து பேர் கூட்டுப்பாட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். மின்சாரமோ பற்றரியோ கிடையாத காலம். நிறுத்திவைத்த சைக்கிளை ஒருவர் மிதிக்க, டைனமோவில் ஓடும் ரேப் றெக்கோடர்தான் எங்களுக்குத் தம்புராச் சுருதி.

எனக்குக் குரல் உடைகிற வயது. மேலே போனால் கோயிலடி ஆடுகள் எழும்பி ஓடும்.

"நீ பாடினது காணும் ராசா, போய் மிதி," என்றார் பாட்டுப் பழக்கிய செல்வி அக்கா.

கோபத்தில் மெதுவாக மிதித்தேன். ரேப்பும் மெதுவாக ஓடச் சுருதி இறங்கியது, பாட்டும் கூடவே இறங்கியது. இறங்கிய சுருதி என் குரலுக்கும் எட்டியதால் கள்ளமாகச் சேர்ந்து பாடினேன். அக்கா திரும்பிப் பார்த்தார். துலைஞ்சேன் என்று நினைத்தேன்.

"பிள்ளை செல்வி, இண்டைக்குத்தான் எனக்கு மேல எட்டுது," என்றார் பின்வரிசைக் கந்தையா அண்ணை.

"ஓம், எனக்கும்!" என்றன நாலைந்து குரல்கள்.

அக்கா சிரிப்பை அடக்கினார். "இதே வேகத்தில மிதியடா. பாட்டையும் விடாத."

வாணிவிழாவன்று மிதித்தபடியே பாடினேன். ஊரே என் குரலுக்கு இறங்கிவந்த ஒரே நாள் அது.

"என்னப்பா, மிதிக்கிற சத்தத்தைக் காணேல்ல?" குசினியில் சமைத்தபடி மனைவி கேட்டார்.

"சுருதி இறக்கிறன்!" என்றேன்.