சகலை போட்ட பாலீஷ்

என் சகலையை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுநிலையாக எழுதவில்லை என்று யாரும் குறைப்பட வேண்டாம். என் மனைவியின் அக்காளைக் கட்டியவர் அவர். ஒட்டன்சத்திரத்துப் பக்கம். வாய்க்கு வாய் 'ங்க' போட்டுப் பேசுவார், அதைக் கேட்டு ஊரே அவரைத் தங்கமான மனிதர் என்று சொல்லும். அந்தத் தங்கத்தோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தவன் நான்.

அறுபதுகளின் கடைசி வருடங்கள். விமானப்படையில் ஃபிட்டராக இருந்தேன். காது சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திண்டுக்கல்லில் மாமனார் வீட்டில் வந்து விழுந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்ற பட்டம் அன்றைக்கே கிடைத்தது. மாமனாருக்கு இரும்புப் பெட்டி செய்யும் பட்டறை இருந்தது. அதை நடத்தியவர் சகலை. எனக்கும் அங்கே இடம் உண்டு என்றார் மாமனார். சகலைக்குக் கீழே நின்று பெட்டிக்குப் பெயிண்ட் அடிப்பதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று இருந்துவிட்டேன். அதற்குரிய மரியாதை சாப்பாட்டு நேரத்தில் கிடைக்கும். மூத்த மாப்பிள்ளை இலையில் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் விழுந்த பிறகு மிச்சம்தான் என் இலைக்கு வரும்.

அப்போதுதான் மதுரையில் ஒரு வேலை வந்தது. கல்லூரி மாணவர்களுக்கு மாடல் விமானம் செய்யக் கற்றுக்கொடுக்க ஒரு பயிற்றுநர் வேண்டும். வருகிறவர் முழுக்கத் தன் கையால் செய்த விமானம் ஒன்றைக் கொண்டுவந்து, அதிகாரியின் முன்னால் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும். வேலை கிடைத்தால் மதுரையில் ஒரு வாடகை வீடு பார்த்து நானும் மனைவியும் போய்விடலாம். அவள் அதற்குள் மனதிலேயே அடுப்பு மூட்டி உலை வைத்துவிட்டாள்.

ரேடியோவால் விமானம் ஓட்டுவதெல்லாம் அந்நாளில் வெளிநாட்டுப் பத்திரிகைப் படங்களில்தான். எங்களுக்கு இரண்டு கம்பிதான். நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பறக்கவிட வேண்டும். சின்ன இன்ஜின் ஒன்று என்னிடம் இருந்தது. மாடல் விமானத்துக்கு வழக்கமாகப் போடும் லேசான பால்ஸா மரத்துக்கு வழியில்லை. ஐஸ் பேக்டரி சுவருக்குள் வைப்பதற்கு வந்த தெர்மாகோலில் மிஞ்சிய துண்டுகள் கிடைத்தன. சூடான கம்பியால் அறுத்து இறக்கை செய்தேன். கையில் எடுத்தால் எடையே தெரியாது.

தெர்மாகோலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மண்ணெண்ணெய் பட்டால் அரித்துப்போகும். பெட்ரோலோ தின்னரோ பட்டால் கண் முன்னாலேயே கரைந்து பள்ளமாகிவிடும். என் இன்ஜின் குடிப்பதோ மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஈதரும் கலந்த எண்ணெய்; ஓடும்போது மூக்கிலிருந்து வால்வரை அதைத் துப்பிக்கொண்டே ஓடும். அதனால் தெர்மாகோல் மேல் மெல்லிய காகிதத்தை மைதாப் பசையால் ஒட்டினேன். அதன்மேல் தச்சர்கள் போடும் பிரெஞ்சு பாலீஷ், அதாவது ஸ்பிரிட்டில் ஊறவைத்த அரக்கு. ஸ்பிரிட் தெர்மாகோலை ஒன்றும் செய்யாது. காய்ந்த அரக்கு எண்ணெயை உள்ளே விடாது. பஞ்சால் தொட்டு, மெல்லிசாக ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு. குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு வெட்டவெளியில் பறக்கவிட்டுப் பார்த்தேன். இறங்கியபின் துடைத்தால் இறக்கை அப்படியே இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பளபளப்பு மட்டும் இல்லை. தேன் நிறத்தில் மங்கலாக இருந்தது. சகலை அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏனுங்க சகலை, அதிகாரி முன்னால வைக்கிற சாமான், அழுக்குத் துணியாட்டம் இருக்குதுங்களே? பட்டறைக்கு அனுப்புங்க. பெட்டிக்கு அடிக்கிற லேக்கர் ரெண்டு கோட்டு அடிச்சா மொகம் பாக்கலாமுங்க."

"வேண்டாம்ணே. லேக்கர்ல தின்னர் இருக்கு. தின்னர் பட்டா இது கரைஞ்சிரும்."

"அதான் மேல காயிதம் ஒட்டிருக்குதுங்களே?"

"காயிதத்துல ஊறி உள்ள எறங்கிரும்ணே. தொடாதீங்க."

மாமனார் கேட்டுக்கொண்டிருந்தார். "பெரிய மாப்பிள்ளை இம்புட்டுச் சொல்றாருல்ல? மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுறீகளே" என்றார் என்னிடம். நான் விமானத்தை எடுத்துப் பரண்மேல் வைத்தேன்.

மதுரைக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், கொடைரோட்டில் ரயில்வேயில் இருந்த பழைய படை நண்பன் ஒருவனிடம் உபரியாக ஒரு புரொப்பல்லர் வாங்கப் போனேன். சாயங்காலம் திரும்பிவந்தபோது கூடத்து மேஜைமேல் விமானம் நின்றது. வாசலிலேயே தின்னர் வாடை.

கண்ணாடிபோலப் பளபளத்தது. பட்டறையை விட்டுப் போகும் பெட்டிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பது அவர்கள் வழக்கம். என் விமானத்தின் மூக்கிலும் வைத்திருந்தார்கள். மாமனார் பக்கத்தில் நின்று அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சகலை கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

"மூணு கோட்டுங்க. நானே ஸ்பிரே கன் புடிச்சு அடிச்சேன்."

"அடிக்கிறதுக்கு முந்தி என்ன செஞ்சீங்க?"

"என்னத்தைங்க, எப்பவும் செய்யறதுதானுங்க. தின்னர்ல துணிய நனைச்சு நல்லா அழுத்தித் தொடைச்சோம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா லேக்கர் ஒட்டாதுங்களே."

பட்டறையில் எது வந்தாலும் முதலில் தின்னரால் துடைப்பார்கள். இரும்பைத் துடைத்துப் பழகிய கை. அந்தத் துடைப்பிலேயே என் அரக்கு கரைந்து போயிருக்கும். இறக்கையின் அடியில் விரலை வைத்து மெல்ல அழுத்தினேன். அப்பளம் உடைகிற சத்தம் கேட்டது. உள்ளே ஒன்றுமில்லை. தெர்மாகோல் சுருங்கி ஓரங்களில் கட்டிதட்டிக் கிடந்தது. லேக்கரில் விறைத்த காகிதம் மட்டும் இறக்கையின் வடிவத்தில் நின்றது.

அவரை அடித்திருக்க வேண்டும். இன்றுவரை அதுதான் என் வருத்தம். சட்டையைப் பிடித்தேன், மனைவி குறுக்கே வந்து என் கையை எடுத்துவிட்டாள். "ஒரு வெளையாட்டுச் சாமானுக்காகப் பெரிய மாப்பிள்ளை மேல கை வைப்பீகளா?" என்று மாமனார் கத்தினார். சகலை வேண்டுமென்றே செய்தாரா, முட்டாள்தனமாகச் செய்தாரா என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். தொடாதே என்று சொன்ன பிறகு தொட்டவனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.

புதிதாகச் செய்ய நேரமில்லை. இருந்தாலும் போனேன். போகாமல் இருந்தால் கேள்வியே இல்லாமல் வேலை போய்விடும். போனால் இன்ஜினையாவது காட்டலாம் என்று ஒரு நப்பாசை. அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பளபளப்பைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு இறக்கையைத் தடவினார். அவர் விரல் உள்ளே போனது.

"என்ன கோட்டிங்?"

"லேக்கர், சார்."

"தெர்மாகோல் மேலயா? யார் போட்டது?"

சகலை போட்டார் என்று சொன்னால், முழுக்க என் கையால் செய்தது இல்லை என்று ஆகிவிடும். அந்த நிமிடமே வெளியே அனுப்புவார்கள். நான் போட்டேன் என்று சொன்னால் இந்தத் தொழிலின் அரிச்சுவடி தெரியாதவன்.

"நான்தான், சார்."

"தின்னர் பட்டா இது என்ன ஆகும்னு தெரியாதவர் பசங்களுக்கு என்ன சொல்லிக்குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு உலகத்தில் உருப்படியாகத் தெரிந்தது அந்த ஒன்றுதான். அதுவே எனக்குத் தெரியாது என்று அவர் வாயால் கேட்டுக்கொண்டு, குனிந்து விமானத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் சகலை பேச்சை எடுத்தார். "என்னுங்க, லேக்கர் பாலீஷப் பாத்து அசந்துட்டாங்களா?"

"வேலை இல்லைன்னுட்டாங்க. பாலீஷ் யார் போட்டதுன்னு கேட்டாங்க. நான் போட்டேன்னு சொன்னேன்."

அவர் கையில் எடுத்த சோறு இலையில் விழுந்தது. "என்னங்க இது அநியாயம்? நான் நாள்பூரா நின்னு அடிச்சத உங்க பேருல சொல்லிக்கிட்டீங்களா?"

"மச்சான், அந்தப் பாலீஷாலதான் அவருக்கு வேலையே போச்சு" என்றாள் என் மனைவி. அவரிடம் அவள் குரல் உயர்த்திப் பேசியது அன்றைக்குத்தான்.

"பாலீஷக் கொறை சொல்லாதீங்க அம்மணி. ஊர்ல கேட்டுப் பாருங்க."

மாமனார் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். அடுத்தவர் உழைப்பை நம் பேரில் சொல்வது தப்பாம்; பெரிய மாப்பிள்ளையிடம் நான் ஒரு வார்த்தை வருத்தம் சொல்ல வேண்டுமாம். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை நாங்கள் கிளம்பினோம். எங்கே என்று எங்களுக்கே தெரியாது. ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பாத்திரச் சாக்கும் குதிரைவண்டியில் ஏறிவிட்டன. என் மனைவி அக்காளிடம் சொல்லிக்கொள்ள உள்ளே போயிருந்தாள். சகலை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். மாமனார் அவருக்குப் பின்னால்.

"போறது போறீங்க. மாமா முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அந்தப் பாலீஷப் போட்டது யாருங்க?"

என் மனைவி வெளியே வர வேண்டும். அவர் வழிவிட வேண்டும்.

"நீங்கதான்" என்றேன்.

"அம்புட்டுத்தான்" என்றார் மாமனார். சகலை முகமெல்லாம் மலர்ந்து ஒதுங்கி நின்றார். சாக்கு வண்டியில் சரியாமல் இருக்கத் தானே ஒரு கை கொடுத்துத் தள்ளிவிட்டார்.