உப்புக் கோடு

கூட்டுப் பண்ணைக் குழுவுக்குச் செயலாளர்னா, பன்னெண்டு வீட்டுக் கோவத்துக்கும் ஒரே முகவரின்னு அர்த்தம். சங்கம், குழுன்னு எதுலயாவது மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

வரப்பை எடுத்த நாள்

மரக்காணம் பக்கம் எங்க பன்னெண்டு பேருக்கும் துண்டு துண்டா நிலம். தனித்தனியா தர்பூசணி போட்டா வியாபாரி வெக்கிறதுதான் விலை. ஒவ்வொரு வீடா வந்து, பக்கத்து வீட்டுக்காரன் இன்னும் கொறைச்சலா தர்றான்னு புளுகுவான். போதும்டா சாமின்னு வரப்பை எடுத்துட்டு ஒண்ணா பயிர் வெக்க முடிவு பண்ணோம். உப்பளத்துல கூலிக்குப் போற முருகேசனுக்குத்தான் முகம் செத்துப் போச்சு. அவருக்கு இருக்கிறதே நாப்பது சென்ட். பட்டா உங்க பேர்லதான இருக்குதுன்னு எவ்வளவோ சொன்னேன். டிராக்டர் முன்னாடி நின்னுக்கிட்டுக் கேட்டார்: "வரப்பு போயிட்டா என் நிலம் எதுன்னு நாளைக்கு யாரு சொல்லுவாங்க செல்வி?"

கருகின கொடி

கொடி ஓடுற நேரத்துல ஒரு நேர்கோட்டுல மட்டும் செடி கருகுச்சு. நோய்னு நெனைச்சு மருந்தடிச்சோம். கடைசியில மண்ணை எடுத்து நாக்குல வெச்சா, உப்பு. உப்பளத்துலேர்ந்து சாக்குல கொண்டாந்து தன் எல்லையைக் குறிச்சு வெச்சிருக்கார் மனுசன்! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல. ஆளை வெளியே அனுப்புன்னு எல்லாரும் குதிச்சாங்க. அனுப்பினா வியாபாரிக்குத்தான் கொண்டாட்டம், முடியாதுன்னுட்டேன். அவர் பொண்டாட்டி லட்சுமி மண்வெட்டியோட வந்து மேல்மண்ணைச் சுரண்டி அள்ளிட்டு, புருசனைக் காட்டிச் சொன்னாங்க: "இந்த ஆளை நான் பதினாறு வருசமா சமாளிக்கிறேன், நீங்க ஒரு போகம் பொறுத்துக்கக் கூடாதா?"

வியாபாரி வந்தான்

காய் முத்தினதும் வந்தான். மொத்தமா, நாங்க சொல்ற விலைக்குத்தான்னேன். அவன் கண்ணு அந்தக் காஞ்ச கோட்டு மேல போச்சு. நேரா முருகேசன்கிட்ட போய், அந்தப் பக்கம் உன்னுதுதானே, அதை மட்டும் குடு, கூடப் போட்டுத் தர்றேன்னான். இவர் ஒருத்தர் பிரிஞ்சா, மீதிப் பேரும் பழையபடி அவன் சொல்ற விலைக்குத் தலையாட்டணும். முருகேசன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுச் சொன்னார்: "கோடு நான் போட்டதுங்க. காய் பன்னெண்டு பேருது."

கறவை மாடு

மூணாம் நாள் வியாபாரியே லாரியோட வந்து எங்க விலைக்கு ஏத்திட்டுப் போனான். இப்போ முருகேசன் வீட்டு வாசல்ல, பங்குப் பணத்துல வாங்கின கறவை மாடு நிக்குது. பார்க்கப் போன என்கிட்ட லட்சுமி முன்கூட்டியே சொல்லிட்டாங்க: "மாடு மட்டும் எங்களுது, இதையும் குழுவுல சேர்த்துடாத."

வரப்பை எடுத்து நிலத்தை ஒண்ணாக்கிட்டோம், சண்டையை மட்டும் இன்னும் தனித்தனியா என் வீட்டுக்குத்தான் கொண்டு வர்றாங்க.