பிலோமினா அன்ரியின் பேணிச் செடிகள்

ஈரமண்ணுக்குள் சுட்டுவிரலை முதல் மடிப்பு வரை விட்டால் நகத்தடியில் ஒரு குளிர் ஏறும். அந்தக் குளிர் இருந்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரல் உலர்ந்து வெளியே வந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். பாணுக்கு வரிசையில் நின்ற அந்த எழுபதுகளில், வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த எங்கள் வீட்டு விறாந்தையில் நான் இதைப் பழகினேன். பழக்கியவர் எங்கள் முன்னறையில் வாடகைக்கு இருந்த பிலோமினா அன்ரி. கொட்டாஞ்சேனைக்காரி, கத்தோலிக்க வேதக்காரர், துறைமுகத்தில் வேலை செய்த கணவர் செத்த பிறகு, புதுக்கடையில் வழக்குப் பேசும் ஒரு அப்புக்காத்தரிடம் தட்டெழுத்து வேலை பார்த்துக்கொண்டு தனியே இருந்தார்.

அவருடைய சொத்தென்று விறாந்தைக் கூரை வளையிலிருந்து நெஞ்சளவுக்குத் தாழத் தொங்கியது தாய்ச்செடி நின்ற ஒரு "பூஞ்சாடி"யும் ஏழு பால்மாத் தகரப் பேணிகளும்தான். எல்லாவற்றிலும் ஒரே செடி, "ஸ்பைடர்". நடுவில் வெள்ளைக்கோடு ஓடும் நீள இலைகள், அவற்றுக்குள்ளிருந்து வளைந்து இறங்கும் மெல்லிய தண்டு, தண்டின் நுனியில் சிலந்தி தொங்குவதுபோலக் "குட்டி". குட்டியின் அடியில் வெள்ளை முளைபோல வேர் தலைகாட்டும்வரை அதை வெட்டக் கூடாது. தாயோடு இருக்கும்போதே பக்கத்துப் பேணியில் இருத்தி, அது மண்ணைப் பிடித்த பிறகுதான் தண்டைக் கத்தரிக்க வேண்டும். நேர் வெயில் ஆகாது. பைப் தண்ணீரில் மருந்து இருக்கிறது, நுனி கருகும் என்று முதல்நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைப்பார். எங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் பெரிய பகிடி. பூவென்று சொல்லப் பூவில்லை, காயுமில்லை, சாமிக்கும் வைக்கேலாது, சட்டியிலும் போடேலாது, இதுக்கு ஒரு தாலாட்டு வேறை என்று அன்ரியின் காதில் விழும்படியே சொல்வார்.

அம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அம்மா வெள்ளிக்கிழமைக்காரி. அன்று வீடு கழுவி, சாம்பிராணி போட்டு, வாசலுக்குள் மச்சம் மாமிசம் என்ற பேச்சே வரக் கூடாது. வேதக்காரருக்கோ வெள்ளியில் இறைச்சி ஆகாது, மீன்தான். அறையைக் கொடுக்கும்போதே அம்மா இதை ஒரு கட்டளையாகப் போட்டுவிட்டார்: மற்ற நாளில் பின் கோடிக்குள் மண்ணெண்ணெய் அடுப்பில் என்னத்தையும் சமையுங்கோ, வெள்ளிக்கிழமை மட்டும் மீன், கருவாடு ஒன்றும் உள்ளே வரப்படாது. அன்ரி வெள்ளி தோறும் பாணும் சம்பலும் தின்றார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அந்த அறை அவருக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

தேவைப்பட்டது தனக்காக அல்ல. அவருக்கு ரெஜினா என்று ஒரு மகள். தகப்பன் செத்ததிலிருந்து அவள் ஹெந்தளையில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு தாய் போய்ப் பார்த்து வருவார். மகளைக் கொண்டுவந்து தன்னோடு வைத்துக்கொள்ள அன்ரி ஒரு வருடமாக அம்மாவிடம் தயவாகக் கேட்டார். "ஒரு பள்ளித் தவணை பாப்பம் பிலோமினா. கரைச்சல் ஒண்டும் இல்லையெண்டால் இருக்கட்டும்" என்று கடைசியில் அம்மா இறங்கி வந்தார். அன்றைக்கு அன்ரி விறாந்தையில் நின்று, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அழுதார்.

ரெஜினா வரும்வரை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியது நான். பள்ளி விட்டு வந்து, ஒவ்வொரு பேணியிலும் விரல் விட்டுப் பார்த்து, பித்தளைக் கோப்பையால் அளந்து ஊற்றுவேன். அன்ரி என்னை "மகள்" என்று கூப்பிடுவார். என் சொந்த அம்மா என்னை "ஏய்" என்று கூப்பிட்ட வீடு அது. ரெஜினா வந்து இறங்கிய மறுநாள் அந்தக் கோப்பை அவள் கைக்குப் போனது. இனி ரெஜினா பார்ப்பா, நீங்கள் படியுங்கோ மகள் என்று அன்ரி சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் அதை நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் "மகள்" என்ற சொல்லை இனி இரண்டு பேர் பங்குபோட வேண்டும், அதிலும் எனக்கு வருவது மிச்சம் மீதி என்று அந்த வயதிலேயே எனக்கு நன்றாக விளங்கிவிட்டது.

முதலில் களவாகத் தண்ணீரைக் கூட்டிச் செடிகளை அழுக வைக்கத்தான் பார்த்தேன். வாய்க்கவில்லை. ரெஜினா கெட்டிக்காரி, மண் குளிர்வதைக் கண்டு இரண்டு நாள் ஊற்றாமல் விட்டுவிட்டாள். பிறகுதான் கடல் நினைவுக்கு வந்தது. ஒழுங்கை முடிவில் தண்டவாளம், அதைக் கடந்தால் பாறை, பாறைக்கு அப்பால் எனக்கு எத்தனை போத்தல் வேண்டுமோ அத்தனை உப்புத் தண்ணீரும். ஒரு பழைய பழரசக் கோர்டியல் போத்தலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போய் நிரப்பி வந்து, தாயும் மகளும் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, பேணிக்கு ஒரு வாய் என்று ஊற்றினேன். தாய்ச்சாடிக்கு மட்டும் மூன்று வாய். இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள். ஊற்றும்போது பாட்டுக்கூட முணுமுணுத்த ஞாபகம்.

நுனிகள் கருகின. ரெஜினா கத்தரிக்கோலால் கருகலை அளவாக வெட்டினாள். மறுநாள் அதற்குக் கீழே கருகியது. வாளித் தண்ணீரை இரண்டு நாள் வைத்துப் பார்த்தாள். இலைகள் மஞ்சளாகி, நடுவில் முறிந்து தொங்கின. ஒவ்வொரு குட்டியாகத் தண்டோடு வாடியது. அவள் பள்ளிக்கூடச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பேணிகளுக்குப் பக்கத்தில் நின்று, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, என்னிடமே வந்து, உங்களுக்குத்தானே முந்தித் தெரியும், என்ன செய்யலாம் என்று கேட்டாள். நிழலுக்குத் தள்ளிக் கட்டிப் பாரும் என்று நான் யோசனை சொன்னேன். என் கொழுப்பைப் பாருங்கள்.

ஒரு சனிக்கிழமை காலை அம்மா விறாந்தை கூட்டும்போது பேணி மண்ணில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கண்டார். உப்பு என்று விரலால் தொட்டதுமே சொல்லிவிட்டார். யார் உப்புத் தண்ணீர் ஊற்றினது என்று சத்தம் போட, அன்ரியும் ரெஜினாவும் அறைக்குள்ளிருந்து வந்தார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பதுபோல எனக்குப் பட்டது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"ரெஜினா கருவாடு கழுவின தண்ணியை ஊத்தினவ. நேற்று. நான் கண்டனான்."

நேற்று வெள்ளிக்கிழமை. அந்த ஒரு சொல்லை நான் தேடி எடுத்துத்தான் வைத்தேன். செடி செத்ததற்கு அம்மா ஒரு சொட்டும் கவலைப்பட மாட்டார், வெள்ளிக்கிழமைக்குத்தான் துள்ளுவார் என்று எனக்குத் தெரியும். துள்ளினார். சாமி அறைக்கு முன்னால் கருவாடா, களவாகத் தின்றுவிட்டுத் தடயத்தை என் வளையில் தொங்கவிட்டிருக்கிறீர்களா, விடுதியில் கிடந்த மூதேவியை வீட்டுக்குள் விட்டது என் பிழை என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். ரெஜினா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்ரி தாய்ச்சாடியின் பக்கம் போய்க் குனிந்து நின்றார். நிமிர்ந்து வந்து, எங்கள் எல்லாருக்கும் முன்னால், மகளின் கன்னத்தில் அறைந்தார். ஒன்று அல்ல, மூன்று. பிறகு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த கிழமை ரெஜினா ஹெந்தளைக்குத் திரும்பிப் போனாள். அன்ரி பேணிகளைத் தானே கழற்றிக் குப்பையில் போட்டார். என்னை அதற்குப் பிறகும் "மகள்" என்றுதான் கூப்பிட்டார். நான் வெட்கமில்லாமல் "ஓம் அன்ரி" என்று ஓடினேன். அந்த வருடம் முடியுமுன்னமே யாழ்ப்பாணத்திலிருந்து மாமா குடும்பம் வர, அம்மா அன்ரியை ஒரு மாத அவகாசத்தில் அறையிலிருந்து எழுப்பினார். அவர் எங்கே போனார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் விசாரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது அந்த வீடு இல்லை. அந்த இடத்தில் எட்டு மாடிக் கட்டடம் நிற்கிறது. ஒழுங்கை முழுவதிலும் தேடினாலும் ஒரு விறாந்தை கிடையாது. வாடகைக்கு முன்னறை கேட்டு வரும் தனிப் பெண்களும் இல்லை, வெள்ளிக்கிழமைக் கட்டளை போடும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருடம் நுகேகொடையில் செடி விற்கும் கடையொன்றில் பிளாஸ்டிக் சாடிகளைப் புரட்டிக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் நின்ற நரைத்த தலைக்காரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீங்கள் வெள்ளவத்தை வீட்டு மகள்தானே என்று கேட்டார். ரெஜினா. பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்து ஓய்வு பெற்றுவிட்டாராம். விடுதியிலேயே வளர்ந்து முடித்தாராம். தாய் பிறகு கொட்டாஞ்சேனையில் யாரோ உறவு வீட்டில் ஒதுங்கியிருந்து, மகளோடு ஒரு கூரைக்குக் கீழ் சேராமலே செத்துப்போனாராம். இதையெல்லாம் அவர் கோபமில்லாமல், பஸ் வரும் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மாவுக்குத் தெரியும். மண்ணை மணந்து பார்த்தவ, கருவாடு மணக்கேல்லை. பிறகு உங்களைப் பார்த்தவ. அதுக்குப் பிறகுதான் எனக்கு அடிச்சவ."

வீட்டுக்காரியின் பிள்ளையைப் பொய்க்காரி என்று சொன்னால் அன்றைக்கே அறை போயிருக்கும், அறை இருந்தால் அடுத்த தவணைக்காவது இன்னொரு தரம் கெஞ்சிக் கேட்கலாம் என்று தாய் நினைத்திருக்க வேண்டும் என்றார். சாகும்வரை அதைப் பற்றி மகளிடம் அவர் வாய் திறக்கவில்லையாம். தானும் அன்றைக்கு விறாந்தை மூலையில் உப்புக் காய்ந்திருந்த கோர்டியல் போத்தலைக் கண்டதாகவும், தாயின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டு பேசாமல் நின்றதாகவும் சொன்னார்.

அந்த இடத்திலாவது மன்னிப்பைக் கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது ஒரு சாக்குத்தான்.

"அப்ப நான் சின்னப்பிள்ளை, ரெஜினா. பதினொரு வயசு."

அவர் தான் எடுத்த சாடியைக் கடைக்காரனிடம் நீட்டினார்.

"எனக்கும் பதினொண்டுதான்," என்றார்.