விலியா எழுதாத அசிஸ்டுகள்

விலியாவுக்கு மருந்துக்கடை வேலை. ஆட்டம் இருக்கும் மாலைகளில் எங்கள் ஊர் கூடைப்பந்து அரங்கில் ஸ்கோர் எழுதுவாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தை ஓட்டுபவன் நான், பால் லாரி ஓட்டும் ஸ்டாசிஸ். எங்கள் தெல்ஷெய் பக்கத்து ஆட்களுக்குப் பிடிவாதம் அதிகம் என்று லிதுவேனியா முழுக்கச் சொல்வார்கள். அந்தக் கெட்ட பெயரில் பாதி இவளால் வந்ததுதான்.

ஸ்கோர் எழுதுவதில் மற்றதெல்லாம் வெறும் எண்ணிக்கை. அசிஸ்ட் மட்டும் எழுதுபவரின் கண்ணைப் பொறுத்தது. ஒருவன் கொடுத்த பந்தை வாங்கியவன் அப்படியே கூடையில் போட்டால், கொடுத்தவனுக்கு அசிஸ்ட். வாங்கியவன் தட்டிக்கொண்டே ஊரைச் சுற்றிவிட்டுப் போட்டால் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் விழுவதற்கு விலியா வைத்ததுதான் சட்டம். எதிர் அணிக்காரர்கள்கூட அவளிடம் மல்லுக்கட்டியதில்லை.

அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியதும் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் மூட்டை கட்டிவிட்டார்கள். மிஞ்சியது பொடியன்கள். புது கோச் எவால்தாஸ் அணியை அடியிலிருந்து கட்டப்போவதாகச் சொன்னார். பந்தைப் பிரித்துக் கொடுத்து ஆட்டத்தை நடத்தும் இரண்டு பாயிண்ட் கார்டுகளில் ஒருவனைத்தான் சீசன் முடிவில் வைத்துக்கொள்வாராம். ஒருவன் கிப்ராஸ், காற்றாய்ப் பறப்பவன். மற்றவன் கீதிஸ். கால் மந்தம், ஆனால் யார் எங்கே வந்து நிற்பான் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும். இவன் விலியாவின் மகன்.

"வேற ஆளைப் பாருங்க, நான் விலகிக்கறேன்" என்றாள் விலியா.

சங்கத் தலைவர் சிரித்தார். "உன்னைச் சந்தேகப்பட இந்த ஊர்ல யாரு இருக்கா?"

அந்த ஒரு பேச்சு அவளைக் கட்டிப்போட்டுவிட்டது.

குளிர்காலம் முழுக்க பேக்கரியிலும் நீராவிக் குளியலிலும் இதே வழக்குதான். கணக்கில் கிப்ராஸ் எட்டாத உயரத்தில் இருந்தான். "கீதிஸ் நல்லாத்தான் குடுக்கறான், ஆனா நம்பர் வரலையே" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு நாள் மூன்று பேர் கைகளுக்கு நடுவே அவன் பந்தை நுழைத்தான். வாங்கியவன் ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டுப் போட்டான். விலியாவின் பேனா அசையவில்லை.

"ஏய் விலியா, இது அசிஸ்ட் இல்லையா?"

"நீ கடிகாரத்தைப் பாரு."

"அது தானா ஓடுது."

"அப்ப உன் பாலைப் போய்ப் பாரு, திரிஞ்சிடப் போகுது."

ஏப்ரலில் கடைசி ஆட்டம் முடிந்தது. மறுநாள் எவால்தாஸ் எங்கள் இருவரையும் காலி அரங்குக்குக் கூப்பிட்டு, மேசையில் லேப்டாப்பைத் திறந்தார்.

"இது உங்க பையன் குடுத்தது. வாங்கினவன் ஒரு தட்டு தட்டினான். நீங்க எழுதல."

"தட்டினா எழுத மாட்டேன்."

"இது கிப்ராஸ் குடுத்தது. இங்கயும் ஒரு தட்டுதான். எழுதியிருக்கீங்க."

விலியா திரும்பப் போடச் சொன்னாள். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. முகம் வெளுத்துப்போனது. ஊர் வாய்க்குப் பயந்து பெற்ற பிள்ளையின் சோற்றுத் தட்டிலிருந்தே எடுத்திருக்கிறாள். எனக்கு ஆத்திரமாக வந்தது, அவள்மேலும், சிரித்த தலைவர்மேலும்.

"ஒரே அளவுகோல் வெச்சுப் பார்த்தா ரெண்டு பேரும் சமம். ரெண்டு பேரையும் இன்னொரு வருஷம் வெச்சுப் பார்க்கணும்" என்றார் எவால்தாஸ். "ஆனா நேத்தே கீதிஸ் விலகறேன்னுட்டான்."

சீருடையைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு கீதிஸே அப்போது உள்ளே வந்தான். விலியா எழுந்து நின்றாள்.

"உனக்கு நான் அநியாயம் பண்ணிட்டேன்டா."

அவன் திரையில் ஓடியதை நெடுநேரம் பார்த்தான்.

"ஒவ்வொரு தடவையும் நல்ல பாஸுன்னுதாம்மா நினைப்பேன். அப்புறம் நீ எழுதினதைப் பார்ப்பேன். நீ தப்பா எழுத மாட்டேன்னு ஊருக்கே தெரியும். அப்ப எனக்குத்தான் ஆட்டமே புரியலைன்னு..."

விலியா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுதுகொண்டே சீருடையை அவன் நெஞ்சில் திருப்பி வைத்து அழுத்தினாள். பேனாவை எவால்தாஸிடம் கொடுத்துவிட்டாள்.

இலையுதிர்காலத்தில் புது சீசன் தொடங்கியது. என் பக்கத்தில் ஸ்கோர் எழுத ஒரு புதுப் பெண். முதல் பாதியிலேயே கீதிஸ் ஒரு பாஸ் கொடுத்தான். வாங்கியவன் இரண்டு தட்டு தட்டி, ஒருவனைச் சுற்றி வந்து போட்டான்.

மேல் வரிசையிலிருந்து விலியாவின் குரல் அரங்கைப் பிளந்தது. "அசிஸ்ட்! எழுதும்மா, எழுது!"

புதுப் பெண் என்ன செய்வதென்று என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.