அசோகனின் குழாய்க் கணக்கு

மந்தைவெளியில் எந்த வீட்டில் குழாய் அடைத்துக்கொண்டாலும் பிளம்பர் அசோகனைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருட அனுபவம். அந்தத் திமிர்தான் அவரைக் கவிழ்த்தது.

அவர் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஓரிடத்தில் பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை போடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பினார்கள். போட்டார். ஒரே எரிச்சல். பைப்பில் திருகு மரை வெட்டும்போது விரலில் கீறினால் ரத்தம் நிற்கவே நிற்காது. தி.நகரில் ஒரு வீட்டம்மா தன் வெள்ளை டைல்ஸில் அது சொட்டியதைப் பார்த்துவிட்டு, "வேற ஆள அனுப்புங்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டாள். அசோகனுக்கு மானமே போயிற்று.

'டாக்டருக்கு இன்னா தெரியும்? குழாய் குறுகுற எடத்துல தண்ணி பிச்சிக்கினு போவும். அங்க ஒரு மண்ணும் தங்காது' என்று தனக்குள் தீர்மானித்துக்கொண்டார். மனைவி அன்புக்கரசி தினம் காலையில் மாத்திரையைக் கையில் வைத்து, தண்ணீரும் மொண்டு கொடுப்பாள். நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டு, அவள் திரும்பியதும் குழாயடியில் துப்பிவிடுவார்.

ஆறாவது வாரம் அடையாறில் ஒரு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

உயிர் தப்பியது. "மாத்திரையை நிறுத்திட்டீங்களா?" என்று கட்டிலருகே வந்து கேட்டார் டாக்டர் ஷண்முகப்ரியா.

"ஒரு நாளு வுடல டாக்டரம்மா. என் கையால குடுத்தேன்" என்றாள் அன்புக்கரசி, அடித்துச் சொல்கிற குரலில்.

அசோகனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. துப்பியதையும், துப்பச் சொன்ன கணக்கையும் சொன்னார்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரத்தம் வெறும் தண்ணி இல்லைங்க. அதுல ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் இருக்கு. குறுகின இடத்துல ரத்தம் வேகமா உரசிட்டுப் போற இழுவையே அதுங்களை உசுப்பிவிட்டு சுவத்துல ஒட்ட வைக்கும். அதைத் தாண்டினதும் ரத்தம் சுழலும், அங்கயும் அதுங்க சேர்ந்து கட்டியாகி அடைச்சிடும்."

அசோகனுக்குச் சுருக்கென்றது. பாதி மூடின வால்வைத் தாண்டித்தான் மண் சேரும். எத்தனை வால்வை அவரே கழற்றித் தட்டியிருக்கிறார்! அடச்சே, அது ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை?

"இதயத்துல ஒரு பக்கம் தசை செத்துப்போச்சு. இனிமே மாடி ஏறுற வேலை வேணாம்" என்றார் டாக்டர்.

அன்புக்கரசி மறுநாள் காலை வழக்கம்போல மாத்திரையைக் கையில் வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள். அவர் விழுங்கியதும், "வாயத் தொறய்யா. நாக்கத் தூக்கு" என்றாள்.

வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அசோகன் நாக்கைத் தூக்கிக் காட்டினார்.