அறக்குளாத் தூண்டிலின் மணி

என் கணவரைக் கடல் கொண்டபின் அவருடைய வீட்டார் என்னை வைத்திருக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு அண்ணை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். வடகரையில் கடலைப் பார்த்த வீடு. அங்கே அம்மாவும் அண்ணையும் அவர் மனைவியான மச்சாளும் இருந்தார்கள். "வா" என்று சொன்னவர் அம்மா மட்டுந்தான், அதுவும் மெதுவாக.

கலியாணத்துக்கு முன் அந்த வீட்டில் தூண்டில் கட்டியவள் நான். பாய் விரித்து ஓடும் வள்ளத்துக்குப் பின்னால் இழுத்துச் செல்கிற தூண்டில் அது. வெள்ளைச் சேவலின் இறகைக் கொக்கியில் நூலால் வரிந்து, தலைப்பில் ஒரு கண்ணாடி மணியை ஏற்றிவிட்டால் ஓட்டத்தில் சின்ன மீன்போலத் தெரியும். அறக்குளா மீன் பாய்ந்து பிடிக்கும். சூட்சுமமெல்லாம் மணியில்தான். துளை சிறிதானால் மணி கொக்கி நுனியின் எதிர்முள்ளைத் தாண்டி ஏறாது. பெரிதானால் தலைப்பில் நிற்காமல் கயிற்றில் ஓடிவிடும். துளை சரியாயிருந்து மணி பருமனென்றால் அதைவிட மோசம்: கொக்கியின் வாயை அடைத்துக்கொள்ளும், மீன் கடிக்கும், முள் ஏறாது. எந்தக் கொக்கிக்கு எந்த மணி என்று நான் விரல் நுனியாலேயே பொறுக்கிவிடுவேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு வேறென்ன இருந்தது?

வந்த அன்றே தூண்டில் பெட்டியை எடுத்தேன். அண்ணை அதைப் பறித்து அப்பால் வைத்தார்.

"தாலி அறுத்த கை தூண்டில்லை படக் கூடாது. கடற்கரையிலை ஆக்கள் என்ன கதைப்பினம்? நல்லூரிலை ஒரு வீட்டிலை குசினிக்கு ஆள் தேடுகினம். கொஞ்ச நாளிலை அங்கை போ."

தூண்டில் கட்டுகிறவளின் கைராசியில்தான் மீன் படும் என்பது எங்கள் கரையின் நம்பிக்கை. நல்லூர் வீடு என்று அவர் சொன்னது கோட்டில் வழக்குப் பேசும் எங்கள் உறவுக்கார அப்புக்காத்து ஒருவருடைய வீடு. அந்த வீட்டுக் கலியாணங்களில் சரிகைச் சேலை கட்டிப் பந்தியில் இருந்தவள் நான். அங்கே போய்ச் சட்டி தேய்ப்பதைவிடச் சாவது மேல் என்று நினைத்தேன். தூண்டில் வேலை திரும்பக் கிடைத்தால் போகவேண்டியிராது. வேறு வழி எனக்கு இல்லை.

மச்சாள் கட்டினாள். பெரிய சிவப்பு மணிகளாகப் பார்த்து ஏற்றினாள். "பெரிசாய் இருந்தால்தானே மீனுக்குத் தெரியும்" என்றாள். கொக்கிக்குக் கட்டுகிறாளா, தன் கழுத்துக்கு மாலை கோக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. வள்ளம் வெறுமையாகத் திரும்பியது. தூண்டில்களை எடுத்துப் பார்த்தேன். இறகெல்லாம் பல் பட்டுக் கிழிந்திருந்தது. மீன் வந்து கடித்திருக்கிறது, மணி தடுத்திருக்கிறது. அதைச் சொன்னேன்.

மச்சாள் என்னைப் பார்க்காமல் அண்ணையிடம் சொன்னாள்: "வெளிக்கிடேக்கை உவ ஏன் வாசல் படலையடியிலை நிண்டவ? முழுவியளம் பிழைச்சால் மீன் எங்கை படும்?"

புறப்படும்போது எதிர்ப்படுகிற முகத்தைத்தான் முழுவியளம் என்போம். அன்றிலிருந்து வள்ளம் இறங்கும்வரை என்னைக் குசினிக்குள் விட்டு வெளியே தாழ் போட்டார்கள். தாழ் போட்டவர் அம்மா.

அடுத்த ஓட்டத்துக்கான தூண்டில்கள் அந்தக் குசினியில்தான், அடுப்புக்கு மேலே தொங்கின. மணிப்பெட்டியும் பக்கத்திலேயே இருந்தது. நான் அவற்றை அவிழ்த்து, அளவான மணிகளை ஏற்றி, மச்சாள் வரிவது போலவே அவலட்சணமாக வரிந்துவைத்தேன். மீன் பட்டது. அறக்குளாவும் சீலாவுமாக வள்ளம் நிறைந்தது. கடற்கரை முழுக்க மச்சாளின் கைராசிப் புராணம்தான். மணி மாறியிருப்பது குருடிக்கும் தெரிந்திருக்கும். அவளோ வாயே திறக்காமல் புகழை வாங்கிக்கொண்டாள்.

ஒருநாள் மத்தியானம், அண்ணை சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் சொல்லிவிட்டேன்.

"அண்ணை, இவ்வளவு நாளும் நான் கட்டின தூண்டில்லைதான் மீன் பட்டது. என்ரை கையிலை பிழையில்லை. இனி வெளியிலை இருந்து கட்டுறன்."

அவர் மீன்முள்ளை எடுத்துக் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார்.

"தெரியும். முதல் நாளே தெரியும். ஆரிட்டையும் சொன்னனியோ?"

"இல்லை. ஆனால் சொல்லுவன்."

"அப்ப நாளைக்கு நல்லூருக்கு வெளிக்கிடு."

என் கை ஆகாத கை என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தால் மன்னித்திருப்பேன். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

காலையில் மாட்டுவண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தேன். அம்மா மணிப்பெட்டியோடு படலைக்கு வந்தார்.

"பிள்ளை, போறதுக்கு முன்னம் கொக்கிக்கு ஏத்த மணியைப் பொறுக்கித் தந்திட்டுப் போ. அவளுக்கு அளவு தெரியாதெல்லே."

"எணை அம்மா, முழுவியளத்துக்கு ஆகாதவளின்ரை கை மணி பொறுக்க மட்டும் ஆகுமோ?"

"ஓம்" என்றார் அம்மா, பெட்டியைத் திறந்து என் மடியில் வைத்தபடி.